சரிவுக்கு அந்தப் பக்கம் நீ...

"தொள்ளாயிரத்து எண்பது கிராம்" என்றான் அவன்.

"ஆயிரத்து நூத்தி எண்பது" என்றாள் அவள்.

பொட்டலத்தை இன்னும் தராசில் வைக்கவே இல்லை. கையில் வாங்கி ஒரு தடவை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான். தபால் அலுவலகத்தின் பார்சல் கவுன்ட்டரில் ஆறு வருடம். எதைத் தூக்கினாலும் எடை அவள் விரல்களுக்குத் தெரிந்துவிடும். அலுவலகத்தில் அவளுக்குத் 'தராசு' என்று பெயர் வைத்ததே பக்கத்து கவுன்ட்டர் ஸ்டாம்ப் அக்காதான்.

"மேடம், இது நானே தைச்ச கூடாரம். ஒரு ஆள் படுக்கிற சைக்கிள் பயணக் கூடாரம். ஒவ்வொரு துணியையும் நிறுத்துத்தான் வெட்டியிருக்கேன். உள்ள உறையிலேயே அச்சடிச்சிருக்கேன்..."

அவள் பொட்டலத்தைத் தராசில் வைத்தாள். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. 1,420.

"பெட்டி இருநூத்தி நாப்பது. கழிச்சுப் பாருங்க சார்."

அவன் உதடு அசைய மனதுக்குள் கழித்தான். கழிக்கக் கழிக்க முகம் மாறியது.

"அது... ஆணிகளும் கயிறும் பையும் சேர்த்து. கூடாரம் மட்டும் தொள்ளாயிரத்து எண்பதுதான்."

"ஆணி இல்லாம கூடாரம் எப்படி சார் நிக்கும்? உள்ள படுத்திருக்கிறவங்க ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சுக்கணுமா?"

வரிசையில் பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். அவன் சிரிக்கவில்லை. ரசீதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனான்... போனவன் அங்கேயே நின்றுவிட்டான். வெளியே மழை. கோபித்துக்கொண்டு போகிறவனுக்கு மழை வழிவிடவில்லை.

இருபது நிமிடம் கண்ணாடிக் கதவோரம் நின்றான். இடையில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவளும் அதே நேரத்தில் தலை நிமிர்ந்தாள். மழை வெளிச்சத்தில் அவன் கண்கள் தேன் நிறமாக... சே! அடுத்த பார்சலை எடுத்தாள். எவ்வளவு எடை என்று சட்டென்று தெரியவில்லை. ஆறு வருடத்தில் முதல் தடவை!

"கூடாரத்தப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்னு நினைக்கிறீங்களா தம்பி?" ஸ்டாம்ப் அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "அடுத்த மாசம் சைக்கிள்ல மலை தாண்டிக் கலங்கரை விளக்கம் வரைக்கும் போறா. தார் ரோட்டுல இல்ல, காட்டுப் பாதையில. தன்னந்தனியா."

அவன் இந்த முறை நன்றாகவே திரும்பிப் பார்த்தான்.

*

தன்னந்தனியாகப் போக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டவளில்லை. முதலில் நான்கு பேர். கல்லூரித் தோழிகள். வரைபடம் வாங்கி, குறிப்பெடுத்து, குழுவுக்குப் பெயர்கூட வைத்தார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் ஆனது. ஒருத்திக்குக் குழந்தை. மூன்றாமவளுக்கு வேலை மாற்றல். 'அடுத்த வருஷம் கண்டிப்பா' என்று சொல்லியே மூன்று வருடம் போயிற்று. தினமும் கலங்கரை விளக்கம் இருக்கும் அந்தக் கடலோர ஊருக்குப் பத்துப் பார்சலாவது அவள் கையால் போகிறது. சோப்பு போகிறது, செருப்பு போகிறது, கல்யாணப் பத்திரிகை போகிறது. அவள் மட்டும் போகவில்லை.

இந்த வருடம் போயே தீருவது. நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று.

அம்மாதான் விடவில்லை.

"ரெண்டாவது மாடிக்கு லிஃப்ட்ல போறவ நீ. மலையேறப் போறியாடீ?"

"லிஃப்ட் இல்லாத மலைம்மா. அதான் சைக்கிள்."

"காட்டுல படுக்கப் போறேன்னு சொல்ற. பாம்பு வந்தா?"

"நிறுத்துப் பார்ப்பேன்."

அம்மா இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் மூன்றாம் நாள் ஒரு சின்ன டப்பாவில் வறுத்த கடலையும் பேரீச்சம்பழமும் போட்டு மேசையில் வைத்திருந்தாள். சம்மதமா, சமாதானமா... கேட்டால் கெட்டுப்போகும் என்று அவள் கேட்கவில்லை.

இன்னொரு சிக்கல் இருந்தது. எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிப் பார்த்தாள். பதினேழு கிலோ. தெருமுனை மேட்டிலேயே மூச்சு வாங்கியது. பழைய பெரிய கூடாரம் மட்டும் நாலு கிலோ.

பார்சலில் அனுப்புநர் முகவரி இருந்ததே... வேண்டாம் என்றது ரோஷம். வேண்டும் என்றது கால். சனிக்கிழமை மதியம் கால் ஜெயித்தது.

*

டயர் கடைக்கு மேல் முதல் மாடி. ஒரே அறை. தையல் இயந்திரம், பாகற்காய்ப் பச்சையிலும் சாம்பலிலும் மெல்லிய துணிச் சுருள்கள், நடுவில் விரித்து நிறுத்திய ஒரு கூடாரம். ஆளைக் காணவில்லை.

"யாரு?" என்றது கூடாரம்.

"பார்சல் கவுன்ட்டர்."

உள்ளே எதுவோ தடுமாறி விழுந்தது. ஜிப் திறந்து முதலில் ஒரு தலை வந்தது. கலைந்த முடி, வாயில் இரண்டு குண்டூசி, அந்தத் தேன் நிறக் கண்கள்.

"ர... ரசீதுல ஏதாவது தப்பா?" குண்டூசியோடு பேச வரவில்லை அவனுக்கு.

அவள் சுவரில் அடுக்கியிருந்த உறைகளைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் பழைய எண்ணின் மேல் புதிய ஒட்டுத்தாள். 'ஆணி, கயிறு, பை உட்பட 1,180 கிராம்.' அத்தனை உறைகளிலும்... உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கிறான்!

சண்டை போடத் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் தொண்டையிலேயே கரைந்தது.

"ஒரு கூடாரம் வேணும்" என்றாள். "அப்புறம்... என்னோட சாமான்ல எதெல்லாம் வேண்டாம்னு சொல்லணும்."

தரையில் எல்லாவற்றையும் பரப்பினார்கள். அங்கேயே யுத்தம் தொடங்கியது.

"ரெண்டு ஜீன்ஸ் எதுக்கு?"

"ஒண்ணு நனைஞ்சா இன்னொண்ணு."

"ஜீன்ஸ் நனைஞ்சா மூணு நாளைக்குக் காயாது. ரெண்டும் வேண்டாம். மெல்லிசா ஒரு கால்சட்டை போதும். இந்த இரும்புச் சங்கிலி யாரைக் கட்ட?"

"சைக்கிளத்தான். திருட்டுப் போயிட்டா?"

"மலை மேல திருடன் வந்தான்னா அவனே பாவம், தண்ணி குடுத்து அனுப்புங்க."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். சமையலுக்குக் கொண்டுவந்த எரிவாயு அடுப்பு போய், தகர டப்பாவில் அவனே செய்த கைப்பிடி அளவு ஸ்பிரிட் அடுப்பு வந்தது. துண்டு பாதியானது. பல் தேய்க்கும் பிரஷின் பிடியை அறுக்கச் சொன்னபோது மட்டும் அவள் மறுத்தாள். "நாலு கிராம்தான் குறையும். அதுக்கு நான் குரங்கு மாதிரி பல் தேய்க்கணுமா?" அவன் ஒரு கணம் பார்த்துவிட்டு, "சரி, அது உங்க நாலு கிராம்" என்று விட்டுக்கொடுத்தான். தண்ணீரையும் சாப்பாட்டையும் மட்டும் குறைக்கச் சொல்லவில்லை. தூங்கும் பை ஹேண்டில்பாரில், துணிகள் இருக்கைக்குப் பின்னால், கனமானதெல்லாம் சைக்கிளின் சட்டத்துக்கு நடுவில் தாழ்வாக. கடைசியில் அவள் கையால் தூக்கிப் பார்த்துச் சொன்னாள்.

"பதினொண்ணு."

சாயங்கால வெயில் சன்னல் வழியாகத் துணிச் சுருள்களில் விழுந்து அறை முழுவதும் பச்சையாக இருந்தது. இருவருக்கும் நடுவில் பதினொரு கிலோ சாமான் மட்டும்...

அப்போது அவள் வரைபடத்தை விரித்தாள்.

"முதல் நாள் பழைய ரயில் பாதை. தண்டவாளம் எடுத்துட்டாங்க, மண்ணு மேடு மட்டும் இருக்கு, ஏத்தம் கம்மி. ரெண்டாவது நாள் காட்டு வழியா ஏறி முகடு. மூணாவது நாள் ஆத்தோரமா இறக்கம். நாலாவது நாள் மணல் பாதை, கலங்கரை விளக்கம்."

அவன் விரல் முகட்டில் வந்து நின்றது.

"இது வேண்டாம்."

"ஏன்?"

"இங்க ஒரு சரிவு இருக்கு. மலை இடிஞ்சு விழுந்து வெறும் உதிரிக் கல்லு. கால்வாய்க் கரை வழியா சுத்திப் போங்க. ஒரு நாள் கூட ஆகும்."

"எனக்கு நாலு நாள்தான் லீவு."

"அப்ப போகாதீங்க."

அந்தக் குரல்... மூன்று வருடமாக அவள் கேட்ட எல்லாக் குரல்களும் அதில் இருந்தன.

"நீங்க போயிருக்கீங்களா?"

"போயிருக்கேன். முடியாது."

"உங்களால முடியலையா? இல்ல, யாராலயுமே முடியாதா?"

அவன் முகம் சிவந்தது. வரைபடத்தை மடித்து அவளிடமே நீட்டினான். "அந்தப் பாதையில போறதுன்னா என் கூடாரத்த நான் தரமாட்டேன்."

"வேண்டாம் சார். பத்திரமா வெச்சுக்கங்க."

படியிறங்கும்போது கண் கலங்கியது. கூடாரத்துக்காக இல்லை என்று தெரிந்ததும் இன்னும் கோபம் வந்தது.

*

கிளம்பினாள். கூடாரத்துக்குப் பதில் ஒரு மெல்லிய தார்பாய்.

முதல் நாள் பழைய ரயில் மேடு அவளை மடியில் வைத்துக் கொண்டுபோவதுபோல் கொண்டுபோனது. இரண்டு பக்கமும் நாணல், சக்கரத்தின் கீழ் பொடிக்கல் நறநறவென்று... பாடிக்கொண்டே மிதித்தாள். சாயங்காலம் கைவிடப்பட்ட நிலையத்தின் நடைமேடையில் தார்பாயைக் கட்டியபோதுதான் மழை வந்தது. மேலிருந்து வரவில்லை, பக்கவாட்டில் வந்தது. அரை மணி நேரத்தில் தார்பாயின் ஒரு ஓரம் கிழிந்து படபடத்தது. தூங்கும் பை பாதி ஈரம்.

போனின் கடைசி சிக்னலில் அம்மா பேசினாள். "நனைஞ்சிட்டியா? பேசாம திரும்பி வந்துடுடீ..."

"நனைஞ்சுட்டேன்மா. ஆனா திரும்பல."

மறுநாள் காலையில் ஈரப் பையை ஹேண்டில்பாரின் மேல் விரித்துக் காயவைத்துக்கொண்டே ஏறினாள். மிதித்தாள், தள்ளினாள், உட்கார்ந்தாள், மறுபடி தள்ளினாள். ஒவ்வொரு வளைவிலும் 'இந்த வளைவு வரைக்கும் மட்டும்' என்று தன்னோடு பேரம் பேசினாள். மதியம் இரண்டு மணிக்கு முகடு வந்தது.

முகட்டில் சரிவும் வந்தது.

பாதை அப்படியே அறுந்துபோயிருந்தது. எண்பதடி அகலத்துக்கு மலையின் தோலை உரித்துப் போட்ட மாதிரி வெறும் கல். ஒரு கல்லை எறிந்து பார்த்தாள். அது உருண்டது, அதோடு பத்துக் கல் உருண்டது. கீழே விழும் சத்தம் வெகுநேரம் கழித்து வந்தது.

அவன் பொய் சொல்லவில்லை.

திரும்பினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். அம்மா சந்தோஷப்படுவாள். அந்த ஆள்... அந்த ஆள் எதுவுமே சொல்லமாட்டான். அதுதான் தாங்காது.

"கீழ வராதீங்க! மேல... பாறைச் சுவரை ஒட்டி!"

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். சரிவுக்கு அந்தப் பக்கம் ஒரு சைக்கிள். அதன் அருகில் சேறு பூசிய கால்களோடு...

அவனேதான்!

"நீங்க... எப்படி?"

"நேத்து தபால் ஆபீஸுக்குப் போனேன்! கிளம்பிட்டீங்கன்னு அக்கா சொன்னாங்க! சைக்கிளோட பஸ் பிடிச்சு இந்தப் பக்கத்து அடிவாரத்துக்கு வந்து, காலையிலேருந்து ஏறுறேன்!" மூச்சு வாங்கியது அவனுக்கு. "இருங்க, நான் வந்து..."

"வராதீங்க!" அவள் கத்தினாள். "ரெண்டு பேர் நடந்தா கல்லு உருளும். நீங்க அங்கேயே நின்னு வழி சொல்லுங்க. நான் வர்றேன்."

அவன் எடுத்து வைத்த காலைப் பின்னால் எடுத்தான்.

மூன்று நடை. முதலில் ஹேண்டில்பார்ப் பை. பாறைச் சுவரை ஒட்டிப் பெரிய கற்கள் அசையாமல் இருந்தன. அவள் இருந்த இடத்திலிருந்து அது தெரியவில்லை, அவனுக்குத் தெரிந்தது. "இடது கால் அந்தக் கருப்புக் கல்லுல... ஆமா... இப்ப கொஞ்சம் மேல..." அவன் குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்தப் பக்கம் பையைப் போட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமலே திரும்பினாள். இரண்டாவது நடையில் மற்றப் பைகள். பதினேழு கிலோவாக இருந்திருந்தால் நாலைந்து நடை ஆகியிருக்கும்.

மூன்றாவது நடை. தோளில் சைக்கிள். பாதியில் ஒரு கல் நழுவியது. சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். கற்கள் சரசரவென்று கீழே ஓடின. அவன் குரல் கேட்கவில்லை. மூச்சை அடக்கி நின்றிருப்பான்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றாள், அவனுக்கும் தனக்குமாக. "அடுத்த கல் எது?"

"சாம்பல்... சாம்பல் கலர், தட்டையா இருக்கு." குரல் நடுங்கியது. வழி மட்டும் பிசகவில்லை.

எழுந்தாள். பத்து அடி. ஐந்து அடி. சைக்கிளை அவன் கையில் கொடுத்தாள். அதன் பிறகு தன் கையை. அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

தூறல் ஆரம்பித்திருந்தது. அவன் இமைகளில் பொடிப்பொடியாய்த் துளிகள்...

"நான் பயந்துபோன இடம்னு சொல்லியிருக்கணும்" என்றான் அவன். "முடியாத இடம்னு சொல்லிட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி இங்கேருந்து திரும்பிப் போனேன். அத யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க கேட்டதும் சுருக்குனு குத்திடுச்சு... மன்னிச்சுடுங்க."

பையிலிருந்து சாம்பல் நிறக் கூடாரத்தை எடுத்து நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். கிழிந்த தார்பாயோடு இன்னும் இரண்டு நாள் வீம்பு பிடிக்க அவள் முட்டாளில்லை.

"இதக் கொடுக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா?"

"இல்ல... இன்னொண்ணு சொல்லணும்." அவன் கண்கள் அவள் கண்களைத் தொட்டன. தேனில் மழை...

"இப்ப சொல்லாதீங்க." அவசரமாகச் சொன்னாள். "இப்ப கேட்டா எனக்கு ஹேண்டில்பார் நேரா நிக்காது. கலங்கரை விளக்கத்துல சொல்லுங்க. நாளன்னிக்கு."

"அதுவரைக்கும் துணைக்கு..."

"வேண்டாம். இது மூணு வருஷமா நான் போகாத பயணம். நானே போய்ச் சேரணும்."

அவன் தலையாட்டினான். முகத்தில் வருத்தம் இருந்தது, வாதாடவில்லை. பிறகு எழுந்து சரிவைப் பார்த்தான்.

"அப்ப நானும் திரும்பிப் போகப் போறதில்ல. நீங்க வந்த வழியாவே போறேன். இத இன்னிக்கு விட்டா என்னிக்கும் இல்ல. நீங்க வழி சொல்லுங்க."

"கருப்புக் கல்லுக்கு நான் பொறுப்பு" என்றாள்.

பயணப் பைகளோடு ஒரு தடவை, சைக்கிளோடு ஒரு தடவை. அவன் கால் நடுங்கிய இடங்களில் எல்லாம் அவள் குரல் நடுங்காமல் நின்றது. அந்தப் பக்கம் சேர்ந்ததும் இரண்டு கைகளையும் உயர்த்தி ஒரு கூச்சல் போட்டான் பாருங்கள்... மலை முழுக்க அது எதிரொலித்தது.

"ஊருக்குப் போனதும் எங்கம்மாகிட்ட நான் நல்லா இருக்கேன்னு சொல்லிடுங்க! இங்க சிக்னல் இல்ல!"

தபால்காரி அல்லவா... வீட்டு எண்ணிலிருந்து பின்கோடு வரைக்கும் கத்திச் சொன்னாள்.

*

நான்காம் நாள் மதியம். மணல் பாதையில் சக்கரம் புதைந்து புதைந்து எழுந்தது. காற்றைக் குறைத்து டயரைத் தளர்த்திக்கொண்டு மிதித்தாள். முகம் கறுத்து, உதடு வெடித்து, முழங்காலில் ஒரு சிராய்ப்பு. முன்னால் வெள்ளையாகக் கலங்கரை விளக்கம் வளர்ந்துகொண்டே வந்தது.

அதன் கீழே இரண்டு பேர். ஒன்று அவன். இன்னொன்று...

"அம்மா?!"

"கத்தாதடீ. பஸ்ஸுல வந்தேன்." அம்மா குடையை மடக்கினாள். அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். சிராய்ப்பில் கண் ஒரு கணம் நின்று நகர்ந்தது. "நேத்து இந்தத் தம்பி சேறும் சகதியுமா வாசல்ல வந்து நின்னுச்சு. 'உங்க பொண்ணு அந்தச் சரிவைக் கடந்துட்டாங்க, மூணு தடவை நடந்து கடந்தாங்க'ன்னு ஒரே பெருமை. நீ என் பொண்ணா அதோட பொண்ணான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. இன்னிக்கு நாலு மணி நேரம் பஸ்ஸுல உன்னப் பத்தியே பேசுது. எனக்குக் காது வலிக்குது."

அவன் காதுமடல் செம்பருத்தியாகிவிட்டது. "அம்மா... நான் அப்படி..."

"நான் போய்க் கடலப் பார்த்துட்டு வர்றேன்." அம்மா நடந்தாள். இரண்டடி போய்த் திரும்பினாள். "நல்லா வந்துட்டடீ" என்றாள் மெல்ல. அதைச் சொன்ன வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அலைச் சத்தம். அவன் தொண்டையைச் செருமினான். சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு காகிதத்தை எடுத்தான். எழுதியே வைத்திருக்கிறான்!

"அன்னிக்கு மழையில... கதவோரமா நின்னப்ப..."

"இருங்க" என்றாள் அவள். "நான் முதல்ல சொல்லிடறேன். தள்ளிப்போட்டா தைரியம் போயிடும்."

சைக்கிளைப் பிடித்தபடியே நின்றாள்.

"மூணாவது நாள் இறங்கும்போது ஒரு வளைவு. திடீர்னு மரமெல்லாம் விலகி, கீழ ஆறு தெரிஞ்சுது. வெயில் பட்டு முழு ஆறும் வெள்ளி மாதிரி... நான் யாரும் வேணும்னு நினைக்கல. பயந்தப்பக்கூட நினைக்கல. ஆனா அங்க, அத்தனை சந்தோஷத்துல, 'பாருங்க'ன்னு சொல்லிட்டுப் பக்கத்துல திரும்பினேன். நீங்க இல்ல."

அவன் கையிலிருந்த காகிதம் காற்றில் படபடத்தது. அதைப் படிக்க அவன் முயலவே இல்லை.

"அப்பதான் தெரிஞ்சுது" என்றாள். கண்ணில் உப்புக் காற்று பட்டதோ என்னவோ, நிறைந்துவிட்டது. "எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவன் ஒரு அடி எடுத்து வைத்தான். பிறகு இன்னொரு அடி.

"எழுதினது மூணு பக்கம்" என்றான் நனைந்த குரலில். "மூணு பக்கத்துலயும் இதேதாங்க இருக்கு."